பரங்கிப்பேட்டை: ஒரு கழிமுகச் சிற்றூரின் வரலாறும் இயல்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள பரங்கிப்பேட்டை இன்று ஒரு பேரூராட்சி. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இவ்வூர் பன்னாட்டு வணிகர்கள் கூடிய துறைமுகமாகவும், பின்னர் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய தொழிற்களமாகவும் விளங்கியது. ஆயினும் இவ்வூரைப் பற்றிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகளின் வரலாற்றுக்கு அடிக்குறிப்பாகவே அமைந்துள்ளது. ஊரையே ஆய்வு அலகாகக் கொள்ளும் இக்கட்டுரை, பரங்கிப்பேட்டை ‘சிற்றூர்’ ஆனதற்கு இயற்கைக் காரணங்களைக் காட்டிலும் ஊருக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுகளே மிகுதியும் காரணம் எனவும், ஊரின் நிலைத்த இயல்பு கழிமுகத்தையும் கடலோடும் சமூகங்களையும் சார்ந்து உருவானது எனவும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பரங்கிப்பேட்டை, வெள்ளாறு, மரக்காயர், கிழக்கிந்தியக் கம்பெனிகள், இரும்பாலை, உள்ளாட்சி, ஊர் வரலாறு.

முன்னுரை

தமிழகத்தில் ஊர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வகை ஊர்களையே தேர்கின்றனர். ஒன்று, கோயிலும் கல்வெட்டும் தலபுராணமும் உடைய ஊர். மற்றொன்று, ஆட்சித் தலைமையிடமாக வளர்ந்த நகரம். கடலூர் வட்டாரத்தில் முன்னதற்குச் சிதம்பரமும் திருப்பாதிரிப்புலியூரும் எடுத்துக்காட்டுகள். பின்னதற்கு ஆட்சியரகம் அமைந்த மஞ்சக்குப்பம் எடுத்துக்காட்டு. இவ்விரு வகையிலும் அடங்காத சிற்றூர்கள் வரலாற்றில் இடம்பெறுவது அங்கு ஏதேனும் ஒரு போர் நிகழ்ந்திருந்தால் மட்டுமே. பரங்கிப்பேட்டை அவ்வாறு இடம்பெற்ற ஊர். பள்ளிப் பாடநூல் வழி அறிந்தோர்க்கு அது 1781ஆம் ஆண்டுப் போரின் பெயர்.

பிற நாடுகளில் நிலைமை எவ்வாறுள்ளது என்பதை ஒப்புநோக்குவது பயன்தரும். நார்வே நாட்டில் 1837ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்புறத் திருச்சபைப் பங்குகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களை வழங்கியது. பின்னாளில் ஊர் வரலாற்றையும் பண்ணைகளின் வரலாற்றையும் குடும்பங்களின் வரலாற்றையும் தொகுக்கும் ‘பிக்டெபோக்’ என்னும் ஊர்நூல் மரபு அங்கு வேரூன்றியது. பல சிறிய நாட்டுப்புற நகராட்சிகளே அத்தகைய நூல்களை வெளியிட்டுள்ளன. தன் ஆவணங்களைத் தானே பேணும் உள்ளாட்சி இருந்தால்தான் ஊர் தன்னைப் பற்றித் தானே எழுத இயலும் என்பதை இம்மரபு உணர்த்துகிறது. பரங்கிப்பேட்டையைப் பற்றிய ஆவணங்களோ லிஸ்பனிலும் தி ஹேக்கிலும் இலண்டனிலும் பாரிசிலும் சென்னையிலும் சிதறிக் கிடக்கின்றன. ஊரைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. ஊரால் எழுதப்பட்டது அரிது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

1. ஆய்வுச் சிக்கலும் சான்றுகளும்

ஒரு காலத்தில் கடலூருக்கு இணையாகக் கருதப்பட்ட துறைமுகம் ஏன் சிற்றூராக நின்றது? இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடை, ஆற்று முகத்துவாரம் மணலால் தூர்ந்தது என்பதாகும். இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் அது முழுமையான விடையன்று. கடலூரும் மணல்திட்டால் இடர்ப்பட்ட துறையே. அங்கும் பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் படகுகளிலேயே கரைக்குக் கொண்டுவரப்பட்டன. ஒரே வகை இயற்கைத் தடையைக் கொண்ட இரு துறைகளுள் ஒன்று மாவட்டத் தலைநகராகவும் மற்றொன்று பேரூராட்சியாகவும் ஆனதை மணலைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

இக்கட்டுரை மூன்று வகைச் சான்றுகளைச் சார்ந்துள்ளது. முதலாவது, ஜே. எச். கார்ஸ்டின் 1878இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்டக் கையேடும் டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்ட கெசட்டியரும் ஆகும். இரண்டாவது, சோழமண்டலக் கடற்கரை வணிகம் குறித்துச் சின்னப்பா அரசரத்தினம், ஜே. ராஜா முகமது முதலியோர் நிகழ்த்திய ஆய்வுகள். மூன்றாவது, ஊரின் பெயர்கள், தர்காக்கள், தொழில்கள் ஆகிய வழக்காற்றுத் தடயங்கள். முதலிரண்டும் ஊரை வெளியிலிருந்து நோக்குவன. மூன்றாவதே ஊர் தன்னைத் தானே எவ்வாறு கண்டது என்பதைக் காட்ட வல்லது.

2. அமைவிடமும் ஊர்ப்பெயர்களும்

தமிழகத்தில் வெள்ளாறு என்னும் பெயரில் இரண்டு ஆறுகள் உள்ளன. அவற்றுள் வடக்கிலுள்ளது சேலம் பகுதி மலைகளில் தோன்றிச் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகக் கிழக்கே பாய்ந்து கடலில் கலக்கிறது. அவ்வாற்றின் வடகரையில், கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. தெற்கே கிள்ளையும் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகளும், அவற்றுக்கு அப்பால் கொள்ளிடமும் உள்ளன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இக்கழிமுகத்தில் சிறிய கலங்கள் உட்புகுந்து தங்கலாம். மீன்வளம், உப்பங்கழி, தாழை, அலையாத்தி மரங்கள் ஆகியவை ஒரே நிலப்பரப்பில் கிடைக்கின்றன. உள்நாட்டு நெசவூர்களின் துணியைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வழியும் இதுவே.

இவ்வூருக்கு வழங்கிய பெயர்கள் ஒவ்வொன்றும் ஊரை நோக்கிய ஒரு பார்வையைக் குறிக்கின்றன. செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் வெள்ளாற்று முகத்தில் எழுப்பியதாகச் சேசு சபையார் குறிப்பிடும் கிருஷ்ணபட்டணம் இப்பகுதியே என ஆய்வாளர் சிலர் கருதுவர். போர்ச்சுகீசியர் இதனைப் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதிய துறைமுகம், என்றனர். இசுலாமிய ஆட்சியாளர்களின் வழக்கில் இது ‘மஹ்மூத் பந்தர்’ ஆயிற்று; பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். தமிழ் மக்கள் வழங்கிய பெயரோ பரங்கிப்பேட்டை. ஐரோப்பியரைக் குறிக்கும் ‘ஃபரங்கி’ என்னும் சொல் தமிழில் பரங்கி எனத் திரிந்து, வணிகக் குடியிருப்பைக் குறிக்கும் பேட்டையுடன் இணைந்தது. இதனைப் பறங்கிப்பேட்டை என வல்லின றகரமிட்டு எழுதுவாரும் உளர்.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நாயக்கர் பெயர் ஆள்வோனைச் சுட்டுகிறது. போர்ச்சுகீசியப் பெயரும் பாரசீகப் பெயரும் துறையைச் சுட்டுகின்றன. தமிழ்ப் பெயர் மட்டுமே அங்கு வந்து குடியேறிய மக்களையும் அவர்கள் நடத்திய சந்தையையும் சுட்டுகிறது. நான்கனுள் நிலைத்தது அதுவே. ஆள்வோர் மாறினர், ‘பேட்டை’ நின்றது.

3. கம்பெனிகளின் துறை

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குக் குடியேறிய போர்ச்சுகீசியர் பெரும்பாலும் தனி வணிகர்கள். கோவாவின் நேரடி ஆட்சி இங்கு நிறுவப்படவில்லை. செஞ்சி நாயக்கரின் ஆட்சிப் பரப்புக்குள், அவர் இசைவுடன், அவர்கள் வணிகம் செய்தனர். நாயக்கர்க்குப் பின் இக்கடற்கரை பீஜப்பூர் அதிகாரத்தின்கீழ் வந்தது. வாலிகண்டபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட ஷேர்கான் லோடி, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்க்கு இடமளித்தவர். 1677இல் சிவாஜியின் தென்னகப் படையெடுப்பில் அவர் தோல்வியுற, இப்பகுதி மராத்தியர் வசமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஆங்கிலேயர் மராத்தியரிடம் இசைவு பெற்றுப் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் பண்டகசாலை தொடங்கினர். டச்சுக்காரரும் இங்குப் பண்டகசாலை நடத்தினர். பிரெஞ்சுக்காரரும் நீலத்துணி வணிகத்திற்காக இத்துறையை நாடினர். புதுவை நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் இளமையில் இங்கிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலைப் பொறுப்பில் இருந்தவர்.

இக்காலத்துத் துறைமுகத்தின் உண்மையான வலிமை கம்பெனிகளிடம் மட்டும் இருக்கவில்லை. ஐரோப்பிய ஆவணங்கள் ‘சூலியா’ எனக் குறிக்கும் தமிழ் முசுலிம் வணிகர்கள் இங்கிருந்து அச்சே, கெடா, மலாக்கா முதலிய துறைகளுக்குத் துணி ஏற்றிச் சென்றனர். கம்பெனிகளின் போட்டிக்கு நடுவிலும் தென் சோழமண்டலத் துறைகளிலிருந்து கிழக்கே செல்லும் ஆசிய வணிகர்களின் கடல்வணிகம் தொடர்ந்ததை அரசரத்தினத்தின் ஆய்வுகள் எடுத்துக்காட்டுகின்றன. இவ்வணிகத்தின் விரிவுக்கு மற்றொரு சான்று ‘பரங்கிப்பேட்டை வராகன்’ எனும் பொன் நாணயம். ஒருபுறம் திருமால் உருவும் மறுபுறம் புள்ளிகளும் பொறித்த இந்நாணயம் ஊர்ப்பெயரிலேயே அறியப்பட்டு அண்டை வட்டாரங்களின் வணிகக் கணக்குகளிலும் இடம்பெற்றது. ஒரு சிற்றூரின் பெயர் பொன்னின் பெயராக வழங்கியது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று.

எனினும் 1690இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர் இராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரையுள்ள ஊர்கள் அவர்களுக்கு உரியவாயின; கடலூரை அடுத்த குண்டு உப்பளவாடி என்னும் ஊர்ப்பெயர் அந்நிகழ்வின் நினைவாக இன்றும் வழங்குகிறது. அக்குண்டின் எல்லைக்குள் கடலூர் இருந்தது, பரங்கிப்பேட்டை இல்லை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது புனித டேவிட் கோட்டை 1752 வரை ஆங்கிலேயரின் சோழமண்டலத் தலைமையிடமாயிற்று. 1801இல் தென்னார்க்காடு மாவட்டம் உருவானபின் ஆட்சியர் மஞ்சக்குப்பத்தில் அமர்ந்தார். இத்தொடர் முழுவதற்கும் வித்து 1690ஆம் ஆண்டு விலைப்பத்திரத்தில் உள்ளது.

4. 1733: சுவீடியப் பண்டகசாலை

ஊரின் நிலையை விளக்கும் நிகழ்வுகளுள் தமிழில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது 1733ஆம் ஆண்டு நிகழ்வு. சுவீடியக் கிழக்கிந்தியக் கம்பெனி 1731இல் தொடங்கப்பட்டது. அதன் கப்பல்களுள் ஒன்றான ‘ராணி உல்ரிகா எலியோனோரா’ 1733 செப்டம்பரில் பரங்கிப்பேட்டையை அடைந்தது. உள்ளூர் அதிகாரிகளின் இசைவுடன் சுவீடியர் கரையில் பண்டகசாலை அமைத்துச் சரக்குக் கொள்முதலைத் தொடங்கினர். தெற்கே தரங்கம்பாடியில் டென்மார்க்-நார்வே அரசின்கீழ் டேனியர் 1620 முதல் வணிகம் செய்துவந்த நிலையில், மற்றொரு வடபுல நாட்டினர் இக்கடற்கரைக்கு வந்ததில் உள்ளூர் வணிகர்க்கு வியப்பேதும் இருந்திருக்காது. புதிதாக வரும் ஒவ்வொரு வாங்குவோரும் துணிக்கு நல்ல விலை தருவோரே.

ஆனால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வரவைப் பொறுக்கவில்லை. தம்முள் பகைமை கொண்டிருந்த அவ்விரு கம்பெனிகளும் இதில் ஒன்றுபட்டன. அக்டோபரில் புனித டேவிட் கோட்டையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்ற படையினர் பண்டகசாலையைத் தாக்கிச் சரக்குகளைக் கைப்பற்றினர். சுவீடியக் கப்பல் எதிர்பார்த்த சரக்கின்றித் திரும்ப நேர்ந்தது. பின்னர் அக்கம்பெனியின் கவனம் பெரும்பாலும் சீனத்துக் காண்டன் வணிகத்தில் நிலைகொண்டது.

இந்நிகழ்வு ஐரோப்பிய வரலாற்றாசிரியர்க்கு ஓர் அரசுறவுச் சிக்கல். பரங்கிப்பேட்டையின் பார்வையில் இதன் பொருள் வேறு. உள்ளூர் ஆட்சியின் இசைவு பெற்ற ஒரு வணிகரைக் காக்க அவ்வாட்சியால் இயலவில்லை. யார் இத்துறையில் வாங்கலாம், யார் வாங்கக்கூடாது என்பதை ஊரும் முடிவு செய்யவில்லை. நவாபின் அதிகாரமும் முடிவு செய்யவில்லை. அருகிலிருந்த இரண்டு கோட்டைகள் முடிவு செய்தன. கர்நாடகப் போர்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னரே துறைமுகத்தின் தன்னுரிமை குன்றத் தொடங்கியதை இதனால் அறியலாம்.

5. போர்க்களம்

இரண்டாம் மைசூர்ப் போரின் தொடக்கத்தில், 1780இல், ஹைதர் அலியின் மகன் கரீம் சாகிப் தலைமையில் வந்த குதிரைப்படை பரங்கிப்பேட்டையைச் சூறையாடியது. மறு ஆண்டு சர் அயர் கூட் சிதம்பரம் கோயிலில் அரண் அமைத்திருந்த மைசூர்ப் படையை 1781 ஜூன் 18இல் தாக்கித் தோல்வியுற்றார். பின்னர்க் கடல்வழி உணவும் துணையும் நாடிப் பரங்கிப்பேட்டைப் பக்கம் பெயர்ந்தார். ஜூலை 1இல் ஊருக்கு அருகே நிகழ்ந்த போரில், ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட கம்பெனிப் படை தன்னினும் பல மடங்கு பெரிய மைசூர்ப் படையை வென்றது.

இப்போரின் படை நகர்வுகள் பல நூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளன; இங்கு அவற்றை மீண்டும் கூறத் தேவையில்லை. கருதத்தக்கது ஒன்றே. ஆங்கில வரலாற்றில் வெற்றியின் பெயராகவும், மைசூர் வரலாற்றில் தோல்வியின் பெயராகவும் இவ்வூர் நிலைத்தது. 1780ஆம் ஆண்டுச் சூறையில் வணிகர்களும் நெசவாளர்களும் இழந்தவை அவ்விரு வரலாறுகளிலும் ஒரு தொடருக்கு மேல் இடம்பெறவில்லை. போரினால் ஊர் புகழ்பெற்றது என்று கூறுவோர், அப்போர் நடந்த ஆண்டுகளிலேயே ஊரின் வணிகம் சிதைந்தது என்பதையும் சேர்த்துக் கூறல் வேண்டும். எஞ்சியிருந்த டச்சுப் பண்டகசாலையும் 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்படி 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்முடிவு இலண்டனில் எடுக்கப்பட்டது.

6. இரும்பாலை

துறைமுகம் தளர்ந்த நிலையில் ஊருக்கு இரண்டாம் வாழ்வு தர முயன்றது இரும்புத் தொழில். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், மாகாணம் முழுவதும் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடனுதவியும் பெற்று, 1830இல் பரங்கிப்பேட்டையில் உலைகளை நிறுவினார். மலபார்க் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை அமைந்தது. பின்னர் இம்முயற்சி கூட்டுப்பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டது.

தாது கிடைத்த இடம் சேலம்; உலை நின்ற இடம் கடற்கரை. சேலம் மலைகளிலிருந்து தாது காவிரி, கொள்ளிடம் வழியாக நீர்வழியே கொண்டுவரப்பட்டது. விளைந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அங்கு ஷெஃபீல்டு எஃகுத் தொழிலில் அதற்கு நன்மதிப்பு இருந்தது. வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணையில் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் இவ்விரும்பு பயன்பட்டதாகப் பல நூல்கள் குறிப்பிடுகின்றன. ஹீத் இங்கிலாந்து திரும்பி, மாங்கனீசு சேர்த்து எஃகின் தரத்தை உயர்த்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். நீண்ட வழக்குகளில் சிக்கிய அவர் 1851இல் மறைந்தார். 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய நிறுவனம் பொறுப்பேற்றும் நிலைமை சீராகவில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்தன.

இத்தோல்விக்கு மூலதனக் குறைவும் மேலாண்மைக் குறைகளும் காரணமாயின. எனினும் அடிப்படைக் காரணம் எரிபொருள். உலைகள் மரக்கரியால் எரிந்தன. ஒரு டன் இரும்புக்குப் பல டன் மரக்கரி தேவைப்பட்டது. கடற்கரைச் சமவெளியில் அத்தகைய காடு இல்லை. காடு வெட்டும் உரிமை பல மாவட்டங்களில் வழங்கப்பட்டும், அருகிலுள்ள காடுகள் குறையக் குறையக் கரி வரும் தொலைவு மிகுந்தது. நிலக்கரியில் உருக்கப்பட்ட ஆங்கில இரும்பு மலிவாக இந்தியத் துறைகளிலேயே வந்திறங்கியபோது இவ்வுலைகள் போட்டியிட இயலவில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. சேலம் வட்டாரத்தில் சிற்றுலைகளில் இரும்பு உருக்கிய கொல்லர்கள் தாதும் மரமும் ஒருங்கே கிடைத்த இடத்தில் தொழில் செய்தனர். அவர்தம் முறை அளவில் சிறியது. ஆனால் இடத்தோடு பொருந்தியது. ஹீத்தின் ஆலை அளவில் பெரியது. தாது, எரிபொருள், சந்தை ஆகிய மூன்றும் ஊருக்கு வெளியே இருந்தன. பரங்கிப்பேட்டை அளித்தது துறையும் உழைப்பும் மட்டுமே. ஆகவே ஆலை மூடப்பட்டபோது ஊரில் எஞ்சியது தொழில்மரபு அன்று, நினைவு மட்டுமே.

7. மாலுமியாரும் அரைக்காசு நாச்சியாரும்

இதுவரை கூறியவை ஊருக்கு நேர்ந்தவை. ஊரின் இயல்பை அறிய, பிரான்சிஸ் தம் கெசட்டியரில் பதிவு செய்து, எட்கர் தர்ஸ்டன் தம் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதியில் எடுத்தாண்ட இரண்டு தர்காக்கள் பற்றிய செய்திகள் மிகவும் துணைபுரிகின்றன.

முதலாவது மாலுமியார் தர்கா. இவர் தம் வாழ்நாளில் பெயர்பெற்ற கப்பல் தலைவராக இருந்தவர் என்பது வழக்கு. பத்துப் பன்னிரண்டு கப்பல்களுக்கு உரிமையாளரான அவர், ஒரே நேரத்தில் எல்லாக் கப்பல்களிலும் தோன்றித் தாமே செலுத்தினார் என்பர். கடற்பயணம் தொடங்குவோரும் நலமுடன் திரும்புவோரும் தர்காவிலுள்ள சிறு உண்டியலில் காணிக்கை இடுவர். அத்தொகை தர்காவுக்கு விளக்கேற்றவும் வெள்ளையடிக்கவும் பயன்பட்டது. மாலுமி என்னும் சொல்லே ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பர். அது போலவே மரக்காயர் என்னும் பெயரை, கலத்தைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லோடும் ‘மரக்கலம்’ என்னும் தமிழ்ச் சொல்லோடும் தொடர்புபடுத்துவர். இலங்கையோடும் மலாய் நாட்டோடும் வணிகம் செய்த மரக்காயர்கள் கடலோரக் கலங்களில் பெரும்பான்மையை உடைமையாகக் கொண்டிருந்ததையும், அவர்கள் இவ்வூரில் மிகுதியாக வாழ்ந்ததையும் அப்பதிவுகள் குறிப்பிடுகின்றன. பல கப்பல்களை ஒரே நேரத்தில் செலுத்திய மாலுமியின் கதை ஒரு கப்பலுடைமைச் சமூகத்தின் ஆவலையும் அச்சத்தையும் ஒருங்கே கூறுகிறது. கப்பல் உடையவன் கரையில் இருக்க, அவன் செல்வம் பல திசைக் கடல்களில் மிதக்கிறது. எல்லாக் கலத்திலும் தானே இருக்க இயலுமாயின் என்பது அத்தகையோனின் இயல்பான வேட்கை.

இரண்டாவது அரைக்காசு நாச்சியார் தர்கா. இவ்வம்மையார்க்கு அளிக்கும் காணிக்கை ஒரு தம்பிடிக்கு, அதாவது ரூபாயில் 192இல் ஒரு பங்குக்கு, மேற்படக்கூடாது. மேற்பட்டால் பயன் இல்லை. அவ்வளவு சிறு தொகைக்குச் சர்க்கரை கிடைக்காதபோது அடியார்கள் அக்காசுக்குச் சுண்ணாம்பு வாங்கி அடக்கத்தலத்தில் பூசினர். அதனால் அது சுண்ணாம்பு மிகுந்து காணப்பட்டது. செல்வர்கள் அளித்த விலையுயர்ந்த காணிக்கைகள் பயனற்றுப்போய், மீண்டும் அரைக்காசு அளவிலேயே செலுத்த நேர்ந்த கதைகளும் வழங்கின.

பொன் வராகனுக்குத் தன் பெயரைத் தந்த ஊரில், மிகச் சிறிய காசை மட்டுமே ஏற்கும் ஒரு தலம் இருந்தமை ஆய்வுக்குரியது. வணிகச் சமூகத்தில் செல்வ வேறுபாடு மிகுதி. கப்பல் உரிமையாளரும் கப்பலில் கூலிக்குச் செல்வோரும் பாய் நெய்வோரும் ஒரே தெருக்களில் வாழ்ந்தனர். அவர்கள் அனைவரும் ஒரே அளவில் நிற்கும் இடமாக அரைக்காசு நாச்சியார் தலத்தைக் கொள்ளலாம். மாலுமியார் வழக்காறு ஊரின் கடல்முகத்தைக் காட்டினால், நாச்சியார் வழக்காறு ஊரின் உள்முகத்தைக் காட்டுகிறது. தாழை ஓலையில் பாய் முடைதல் இவ்வூரின் தனித்தொழிலாகக் குறிக்கப்பட்டுள்ளமையும் இங்கு இணைத்து எண்ணத்தக்கது. கழிமுகத்தில் தானே வளரும் தாழையை மூலப்பொருளாகக் கொண்ட அத்தொழில், மூலதனத்தையும் தனியுரிமையையும் வேண்டாதது.

8. ஆட்சி அலகாகப் பரங்கிப்பேட்டை

1866இல் கடலூரும் 1873இல் சிதம்பரமும் நகராட்சிகள் ஆயின. இடைப்பட்ட பரங்கிப்பேட்டை நகராட்சித் தகுதி பெறவில்லை. 1870களில் தென்னிந்திய இரயில்வேயின் பாதை இவ்வழியே அமைந்து ஊருக்கு நிலையமும் கிடைத்தது. எனினும் அப்பாதை துறைமுகத்தை வளர்க்க அமைந்ததன்று. சென்னையையும் தஞ்சைச் சமவெளியையும் இணைக்க அமைந்தது. முன்னர்க் கடல்வழி சென்ற சரக்கு இரயில்வழி செல்லத் தொடங்கியது. நீராவிக் கப்பல்கள் பாய்மரக் கலங்களின் இடத்தைப் பிடித்தன. மரக்காயர் குடும்பங்களின் முயற்சி கப்பலுடைமையிலிருந்து அயல்நாட்டுக் கடைகளுக்கும் பணிகளுக்கும் இடம்பெயர்ந்தது. மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகியவற்றோடு இருந்த பழைய வணிகத் தொடர்பே பின்னைய புலம்பெயர்வுக்கு வழியாயிற்று.

இன்று கடலூர் மாநகராட்சி, சிதம்பரம் நகராட்சி, பரங்கிப்பேட்டை பேரூராட்சி. இப்படிநிலை மக்கள்தொகையை மட்டும் காட்டுவதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எந்த ஊருக்கு மன்றம் வழங்கப்பட்டது, எந்த ஊருக்கு வழங்கப்படவில்லை என்பதன் தொடர்ச்சியும் அதில் உண்டு. நார்வேயில் சிறு நாட்டுப்புறப் பங்குகள் 1837இல் பெற்ற வாய்ப்பை, அதே காலத்தில் இரும்பு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த பரங்கிப்பேட்டை பெறவில்லை. ஆலைக்குத் தனியுரிமை வழங்கிய ஆட்சி, ஊருக்குத் தன்னாட்சி வழங்கவில்லை.

9. கழிமுகம் ஆய்வுக்களமாதல்

சுதந்திரத்திற்குப் பின் ஊருக்குப் புதிய அடையாளம் தந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம். பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியில் வளர்ந்த அது, 1963இல் பல்கலைக்கழக மானியக் குழுவால் உயர் ஆய்வு மையமாக ஏற்கப்பட்டது. வெள்ளாற்றுக் கழிமுகம் இந்தியாவில் மிகுதியாக ஆராயப்பட்ட கழிமுகங்களுள் ஒன்றானது. கம்பெனிகளும் ஆலையும் ஊரைப் பொருள் கடக்கும் வழியாகக் கண்டன. இம்மையமோ கழிமுகத்தையே பொருளாகக் கண்டது. நான்கு நூற்றாண்டு வரலாற்றில், ஊரில் உள்ளதை நாடி வந்த வெளி நிறுவனம் என இதனையே சிறப்பாகக் குறிப்பிடலாம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரைக் குப்பங்களைத் தாக்கியது. அதன்பின் இம்மைய ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என 2005இல் எழுதினர். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் பகுத்து, கடலிலிருந்துள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும்பங்கு விளக்கம் தருவன என மறுத்தனர். இவ்விவாதம் முற்றுப்பெற்றதாகக் கொள்ள இயலாது. எனினும் காடு, தொலைவு, உயரம் ஆகிய மூன்றும் குடியிருப்பின் அமைவிடத்தைச் சார்ந்தவை. மீனவர்கள் எங்குக் குடியிருக்க இயல்கிறது என்பது நிலவுடைமையையும் தொழிலையும் பொறுத்தது. ஆகவே உயிரியல் வினா போலத் தோன்றும் இது வரலாற்று வினாவும் ஆகும். இக்குப்பங்களின் குடியேற்ற வரலாறு எழுதப்படாத வரை அவ்விவாதத்தில் ஒரு பக்கம் நிரப்பப்படாமலே இருக்கும்.

முடிவுரை

பரங்கிப்பேட்டையின் வரலாற்றில் மூன்று எழுச்சிகளும் அவற்றின் தளர்ச்சிகளும் காணப்படுகின்றன: துறைமுகம், இரும்பாலை, பாய்மரக் கப்பலுடைமை. மூன்றன் தளர்ச்சியிலும் முடிவெடுத்தோர் ஊருக்கு வெளியே இருந்தனர். 1690இல் கோட்டை விற்பனையும், 1733இல் சுவீடியர் மீதான தாக்குதலும், 1824இல் உடன்படிக்கையும், 1860களில் ஆலை மூடலும் ஊரைக் கேட்டு நிகழ்ந்தவையல்ல. முகத்துவார மணல் இவற்றுக்குத் துணைக்காரணமே.

எனினும் ஊர் அழியவில்லை. கழிமுகத்தைச் சார்ந்த மீன்பிடித்தல், தாழம்பாய், கடல்கடந்த குடும்ப உறவுகள், மாலுமியாரையும் நாச்சியாரையும் போற்றும் வழக்காறுகள் ஆகியவை எந்தக் கம்பெனியின் முதலீட்டையும் சாராதவை. பெருமுதலீடு வந்து சென்ற ஊர்களின் வரலாற்றை எழுதும்போது, முதலீட்டின் கணக்கோடு நின்றுவிடாமல், அது நீங்கிய பின் எஞ்சியவற்றையும் ஆராய வேண்டும் என்பதை இவ்வூர் உணர்த்துகிறது.

இதற்கு முதற்படியாகச் செய்ய வேண்டியவை சில. பேரூராட்சியின் பழைய பதிவேடுகள், பள்ளிவாசல் சமாஅத்துகளின் கணக்குகள், தர்கா வக்பு ஆவணங்கள், கப்பலுடைமைக் குடும்பங்களின் கடிதங்கள் ஆகியவை தொகுக்கப்பட்டு மின்படியாக்கப்பட வேண்டும். இவை ஆவணக்காப்பகங்களுக்கு வெளியே, வீடுகளிலும் அலுவலக அலமாரிகளிலும் இருப்பவை. கடற்கரை ஈரத்தில் தாள் நெடுநாள் நிற்காது. அயல்நாட்டுக் காப்பகங்களில் உள்ள கம்பெனி ஆவணங்கள் காத்திருக்கும். இவை காத்திருக்கமாட்டா.